கிணற்றுக்குள் இருந்தவர்

பம்புக்காரருக்கு அறுபத்து மூன்று வயது. ஊரில் பாதி வீடுகளில் அவர் கைபட்ட மோட்டார்தான் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறது. தெருவில் நின்று சத்தத்தைக் கேட்டே, உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலையில் அவரைக் குறை சொன்னவர் இல்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேறு நல்ல விஷயங்களும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன், நாற்பது ஆண்டுகளாக அவர் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த அடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்த அடுப்புக்கு விறகு அடுத்த தெருவில் இருந்தது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். பங்காளி முறையில் அண்ணன், மூன்று வயது மூத்தவர். இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து இறங்கி, ஆளில்லாத மேட்டில் முதல் கிணற்றை வெட்டி, அதைச் சுற்றி ஓர் ஊர் உண்டாகக் காரணமானவர். குடும்பத்தில் அவரைக் கப்பல் தாத்தா என்பார்கள். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்த மகன் வழியில் வந்தவர் போஸ்ட்மாஸ்டர், இளைய மகன் வழியில் வந்தவர் பம்புக்காரர். அப்படித்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

மூத்த வழிக்கு நிலப்பட்டா போயிற்று. கிணறு வெட்டும்போது வாளியை மேலே இழுத்த பித்தளைக் கப்பியும் போயிற்று. இரண்டும் போஸ்ட்மாஸ்டர் வீட்டு முன்னறையில் இருந்தன. பட்டா கண்ணாடிச் சட்டத்துக்குள், கப்பி வாசல் நிலைக்கு மேலே, முகம் பார்க்கும் அளவுக்குத் துலக்கப்பட்டு. பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம். அதில் மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இளையவர் பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பார். இளைய வழிக்கு வந்தது ஓர் இரும்புப் பிக்காசு மட்டும். அதன் கைப்பிடியும் முழங்கை நீளம்தான். நிமிர்ந்து நின்று வெட்ட முடியாத அந்தச் சாமான் பம்புக்காரர் வீட்டுச் சமையலறையில், காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

"அவங்களுக்குப் பித்தளை, நமக்குத் துருப்பிடிச்ச இரும்பு. அதுவும் பாதிக் கைப்பிடி" என்று மனைவியிடம் சொல்வார்.

"பாதிக் கைப்பிடின்னாலும் கதவை முழுசாப் பிடிக்குது" என்பார் மனைவி.

பொறாமைக்குத் தூரத்துப் பார்வை கிடையாது. அரண்மனையைப் பார்த்து யாருக்கும் வயிறு எரிவதில்லை. ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் கூடினால் எரிகிறது. போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் புது வண்ணம் பூசினால், பம்புக்காரர் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவார். சுற்றிப் போகிறவர் எதிர்முனையில் வண்டியை நிறுத்தி, என்ன வண்ணம் என்று பார்த்துவிட்டும் போவார். போஸ்ட்மாஸ்டரின் பணி ஓய்வு விழாவில் எத்தனை மாலை விழுந்தது என்று அவருக்கு இன்றும் தெரியும். பதினேழு. அந்த வீட்டு மோட்டார் பழுதானால் அன்றைய கடைசி வேலையாகத்தான் போவார். ஆனால் ஊரில் வேறெந்த மோட்டாருக்கும் பார்க்காத அளவு நுணுக்கமாகப் பார்த்துச் சரிசெய்வார். குறை சொல்லும் வாய்ப்பை அவர்களுக்குத் தரக்கூடாது. அதனால் அந்த வீட்டு மோட்டார் மற்ற எல்லா மோட்டாரையும்விட அதிக காலம் ஓடியது. அதுவும் அவருக்கு எரிச்சல்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் போஸ்ட்மாஸ்டர் குடும்ப வரலாற்றைச் சிறு புத்தகமாக அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். கப்பல் வந்த மாதம், காற்று, பயணிகள் எண்ணிக்கை எல்லாம் இருந்தது. மூத்த வழிக்கு முப்பத்தொரு பக்கம். இளைய வழிக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'இளைய மகன் வழியினர் பம்பு பழுதுபார்க்கும் தொழிலில் உள்ளனர்.' பம்புக்காரர் அந்த வரியைப் பலமுறை படித்தார். அதில் பொய் எதுவும் இல்லாததுதான் அவரைக் கொன்றது.

இந்த நிலையில்தான் நகராட்சி, முதல் கிணற்றருகே ஒரு கல் நடுவது என்று முடிவு செய்தது. கல்லில் முதல் குடியேறியவரின் பெயர். அதற்குக் கீழே, திறந்து வைக்கும் மூத்த வழி வாரிசின் பெயர். போஸ்ட்மாஸ்டர் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் பம்புக்காரர் நகராட்சிக்குப் போய், 'மூத்த வழி எங்கள் வழி' என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்.

அவரிடம் இருந்த ஆதாரம் ஒரு பல். குடும்பத்தில் ஒரு பழைய கதை உண்டு. கப்பல் தாத்தாவின் பிள்ளைகளில் தம்பிக்குத்தான் முதலில் பால்பல் விழுந்ததாம். அண்ணன் அழுதானாம், தனக்கு ஏன் விழவில்லை என்று. எல்லோரும் சிரித்துவிட்டு மறந்த கதை. பம்புக்காரர் மறக்கவில்லை. பல் முதலில் விழுந்தவன்தானே மூத்தவன்?

நகராட்சி அதிகாரி ஆட்சேபணையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பல்லை எல்லாம் ஆவணமா எடுத்துக்க முடியாதுங்க. பதிவு ஏதாவது கொண்டு வாங்க. மூணு வாரம் டைம்."

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாரத்துல கிடைக்கலைன்னா?"

"கிடைக்கும்."

"கிடைக்கலைன்னா ஊர் முன்னாடி வாபஸ் வாங்கணும். அப்புறம் அண்ணன் முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"அதுக்குத்தான் கிடைக்கும்னு சொல்றேன்."

பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அலுவலகம் பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தூரம். படிக்கும் அறையில் பேனா கூடாது, பென்சில் மட்டும். நாடா கட்டிய கட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பதற்கு மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்ட ஓர் அம்மா இருந்தார். முதல் வாரம் பம்புக்காரர் கப்பல் பயணிகள் பட்டியலைப் பார்த்தார். கப்பல் தாத்தா இருந்தார். மனைவி இருந்தார். ஒரு மகன், மூன்று வயது. ஒரே மகன்.

"இந்தக் குடும்பத்துல எங்க தாத்தா பெயரைக் காணோம்மா" என்றார் அந்த அம்மாவிடம்.

"இங்க வந்தப்புறம் பிறந்திருப்பார். அப்படின்னா அவர் இளையவர்தான் ஐயா."

"பல் முதல்ல விழுந்திருக்கு."

அந்த அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவரை ஒருமுறை பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மை குத்தின பதிவேடு இருக்கு. குழந்தைங்க வயசு அதுல எழுதியிருப்பாங்க. பாக்கறீங்களா?" என்றார்.

அந்தக் கட்டு இரண்டாவது வாரம் வந்தது. கப்பல் வந்து இரண்டு ஆண்டு கழித்து எழுதிய பதிவேடு. ஒரே பக்கத்தில் இரண்டு பிள்ளைகளும் அடுத்தடுத்து இருந்தார்கள். போஸ்ட்மாஸ்டரின் தாத்தா, வயது ஐந்து. பம்புக்காரரின் தாத்தா, வயது ஆறு.

பம்புக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். நாற்பது ஆண்டில் அவருக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி இதுதான் என்று சொன்னால், பிள்ளைகள் பிறந்ததையும் கணக்கில் எடுக்கவில்லையா என்று மனைவி கேட்பார். ஆனால் அந்த நிமிடம் அப்படித்தான் இருந்தது. பதினேழு மாலையும் கழன்று விழுந்தன. புகைப்படத்தில் இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

பிறகு விரலை அதே வரியில் வலப்பக்கம் நகர்த்தினார். தந்தை பெயர் என்ற இடத்தில் கப்பல் தாத்தாவின் பெயர் இல்லை. அவர் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர் இருந்தது. அதற்கும் வலப்பக்கம், குறிப்பு என்ற இடத்தில் நெருக்கி எழுதியிருந்தது: 'தந்தை கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்தார். தாய் இல்லை. சிறுவனைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பவர்' என்று போட்டு, கப்பல் தாத்தாவின் பெயர்.

ஒரே வரி. இடப்பக்கம் அவர் மூத்தவர். வலப்பக்கம் அவர் யாருமில்லை.

அந்த அம்மாதான் அடுத்த கட்டை எடுத்து வந்தார். நிலம் அளக்க வந்த அதிகாரியின் நாட்குறிப்பு. ஊர் உண்டான வருடத்துப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'மேட்டில் கிணறு வெட்டுகிறார்கள். இரண்டு பேர், ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒருவர் உள்ளே இருந்து வெட்டுகிறார், இன்னொருவர் மேலே கப்பியில் மண் இழுக்கிறார். உள்ளே ஊற்று கண்டுவிட்டதால் அவரால் மேலே வர இயலாது என்றார்கள். எனக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மேலே நின்றவர் பெயரில் நிலத்தைப் பதிந்தேன்.'

பம்புக்காரர் இரண்டு பதிவையும் தன் கையெழுத்தில் பென்சிலால் பிரதி எடுத்தார். சமையலறைப் பிக்காசுக்கு ஏன் பாதிக் கைப்பிடி என்பது அப்போதுதான் புரிந்தது. கை வீசி வெட்ட இடமில்லாத குறுகிய அடியில், உட்கார்ந்தபடி வெட்டுவதற்கான கருவி அது. இத்தனை நாள் அதைக் குறைந்த பங்கு என்றே நினைத்திருந்தார். பங்கே இல்லை, அது அந்த மனிதரின் சொந்தச் சாமான்.

இரண்டு கட்டையும் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அம்மா அட்டைகளின் உட்புறம் ஒட்டியிருந்த தாள்களை நீட்டினார். "ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க ஐயா. உங்களுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான் இந்த ரெண்டையும் எடுத்திருக்கார்."

பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. கடைசி எழுத்திலிருந்து வால் மாதிரி ஒரு கோடு பின்னால் வளைந்து ஓடும் கையெழுத்து. ஊரில் மணியார்டர் வாங்கிய எல்லோருக்கும் தெரிந்த கையெழுத்து அது.

பேருந்தில் திரும்பும்போது அவருக்கு வந்த கோபம் விசித்திரமானது. தான் அந்தக் குடும்பத்தவர் இல்லை என்பதில் அவர் மனம் நிற்கவில்லை. அண்ணனுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே புத்தகத்தில் 'இளைய மகன் வழி' என்று அச்சிட்டிருக்கிறார். கப்பி, பட்டா, மாலை எல்லாவற்றிலும் முந்தியவர், கடைசியில் பெருந்தன்மையிலும் முந்திவிட்டார். இதற்கு என்ன பதில் செய்ய முடியும்? ஒருவன் நம்மிடமிருந்து பிடுங்கினால் சண்டை போடலாம். சத்தமில்லாமல் கொடுத்திருந்தால், அதுவும் பதினோரு ஆண்டு கொடுத்திருந்தால், அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? பாதி வழியில் வேறொரு எண்ணம் வந்தது. ஒருவேளை அது பெருந்தன்மையே இல்லையோ? கிணறு வெட்டியவர் வேறு ஆள் என்று தெரிந்தால் கல்லில் யார் பெயர் நிற்கும்? இந்த எண்ணம் வந்த பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு வந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். பிறகு கேட்டார்:

"அப்போ இத்தனை வருஷமா யார் கூடப் பங்காளிச் சண்டை போட்டீங்க?"



மறுநாள் காலை பம்புக்காரர் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணி பார்த்துவிட்டார்.

"வாங்க தம்பி. மோட்டார் நல்லாத்தானே ஓடுது?"

"மோட்டாருக்கு வரல அண்ணி."

போஸ்ட்மாஸ்டர் முன்னறையில் செய்தித்தாளை மடித்து வைத்தார். பம்புக்காரர் உட்காரவில்லை. பென்சில் பிரதியை மேசையில் வைத்தார். போஸ்ட்மாஸ்டர் அதை எடுத்துப் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை என்பது அவர் கை அசையாமல் இருந்ததிலேயே தெரிந்தது.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் என்னை இளைய வழின்னு போட்டிருக்கே."

"வேற எப்படிப் போடறது? உறவே இல்லைன்னு போடவா?"

"கிணறு வெட்டினவரோட பேரன்னு போட்டிருக்கலாம்."

போஸ்ட்மாஸ்டர் வாசல் நிலையைப் பார்த்தார். கப்பி வெயிலில் மின்னியது.

"போட்டிருக்கலாம்" என்றார்.

"ஏன் போடல? எனக்காகவா, உனக்காகவா? அதை மட்டும் சொல்லு அண்ணா."

"பாதி உனக்காகடா. பாதி எனக்காக. எந்தப் பாதி பெருசுன்னு பதினோரு வருஷமா யோசிக்கறேன். தெரியல."

நாற்பது ஆண்டில் அண்ணன் சொன்ன பேச்சிலேயே உண்மையான பேச்சு அதுதான் என்று பம்புக்காரருக்குத் தோன்றியது. அதை ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அண்ணி கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் கிளம்பினார். கேட் வரை போனவர் திரும்பி வந்து, காபியைக் குடித்துவிட்டுப் போனார். குடிக்காமல் போனால் கோபித்துக்கொண்டு போனதாகப் பேசுவார்கள்.

மூன்றாவது வாரத்தின் கடைசி நாள், கல் நடும் முன் முதல் கிணற்றைத் தூர் வாரும் வேலை இருந்தது. நகராட்சிக்கு அந்த வேலையைச் செய்ய ஊரில் ஒரே ஆள்தான், ஆட்சேபணை கொடுத்தவர். காலையிலேயே மோட்டாரை இறக்கித் தண்ணீரை வடித்துவிட்டார். விளக்கைக் கயிற்றில் இறக்கி, அணையாமல் எரிகிறதா என்று காற்றைச் சோதித்தார். ஆனால் கூட வேலை செய்பவர் கால் சுளுக்கிப் படுத்துவிட்டார். மேலே ஓர் ஆள் கயிற்றைப் பிடிக்காமல் யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது. அது நகராட்சி விதியும்கூட, அவர் விதியும்கூட.

குடையுடன் போஸ்ட்மாஸ்டர் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் பித்தளைக் கப்பி.

"சும்மாதானே தொங்கிட்டிருக்கு. இதைப் போட்டு இறங்கு."

பம்புக்காரர் கப்பியை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். விரலால் நடுவில் ஆட்டிப் பார்த்தார். அறுபது ஆண்டாக அவர் கண் அதன் மேல் இருந்தது. கையில் பிடித்தது இன்றுதான்.

"அச்சு தேஞ்சிருக்கு. ஆளை இறக்க ஆகாது" என்றார். குரலில் இருந்த திருப்தியை மறைக்க அவர் முயலவில்லை. "சேத்து வாளிக்கு வேணும்னா போடலாம்."

"வாளிக்கே போடு."

தன் புதுக் கப்பியில் தன் கயிற்றைக் கோத்து இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டார். மறுமுனையை இரும்புக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, போஸ்ட்மாஸ்டர் கையில் கொடுத்தார். "சுத்தை விடாம, கொஞ்சம் கொஞ்சமா இறக்கு. பேச்சு வேண்டாம்." சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினார். பென்சில் பிரதி சட்டைப்பையில் இருந்தது. கையில் எடுத்துக்கொண்டது முழங்கை நீளப் பிக்காசு. சமையலறைக் கதவுக்கு அன்று ஒரு செங்கல்.

அடியில் சேறு முழங்கால் அளவு இருந்தது. இடுப்புக் கயிற்றைக் கம்பத்தில் முடிந்துவிட்டு மேலே போஸ்ட்மாஸ்டர் வாளிக் கயிற்றை இழுக்க, பம்புக்காரர் வாளி வாளியாக அனுப்பினார். பழைய கப்பி கீச்சிட்டது, ஆனாலும் இழுத்தது. சேறு குறைந்த இடத்தில் பாறை தெரிந்தது. பாறையில் வெட்டுத் தழும்புகள், எல்லாம் ஒரே சாய்வில், உட்கார்ந்த ஆளின் தோள் உயரத்தில். பிக்காசின் முனையை ஒரு தழும்பில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அவர் அதைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசியதில்லை. மனைவியிடம் மட்டும், "உட்கார்ந்து பார்த்தேன், இடுப்பு வலிச்சது" என்றார்.

அப்போது மேலே பேச்சுக் குரல் கேட்டது. கிணறு எந்தச் சொல்லையும் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும். நகராட்சி அதிகாரி வந்திருந்தார்.

"ஆட்சேபணை கொடுத்தவர் எங்கே சார்? இன்னிக்குக் கடைசி நாள். கல் வெட்டறவர் காத்திட்டிருக்கார்."

"கீழே இருக்கான்."

"ஒரே குடும்பம்தானே. வாபஸ்னு நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்களேன். எனக்கு இன்னொரு இடத்துக்குப் போகணும்."

கீழே பம்புக்காரர் பிக்காசை நிறுத்தினார். இடுப்பில் கட்டிய கயிறு ஆடாமல் நின்றது. சட்டையும் அதன் பையில் இருந்த தாளும் போஸ்ட்மாஸ்டரின் கை எட்டும் தூரத்தில் தொங்கின.

"அவன் மேல வரட்டும்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"எவ்வளவு நேரமாகும்?"

"கேக்கறேன்." குனிந்து கத்தினார். "டேய், எவ்வளவு நேரமாகும்?"

"சேறு இன்னும் இருக்கு" என்று பதில் வந்தது.

சேறு அவ்வளவாக இல்லை. ஆனாலும் பம்புக்காரர் அவசரப்படவில்லை. மூலைகளைச் சுரண்டினார். கல்லிடுக்குகளைத் துடைத்தார். ஓர் அதிகாரியும் ஒரு போஸ்ட்மாஸ்டரும் தனக்காக வெயிலில் நிற்கிறார்கள், அதுவும் ஒருவர் குடை பிடிக்கக் கை இல்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதை, அரை மணி நேரம், ஒரு மிடறும் சிந்தாமல் அனுபவித்தார்.

மேலே வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"இது படி கிணறு வெட்டினது ரெண்டு பேர். உங்க தாத்தாவோட அப்பா வேற ஆள்."

"ஆமா. அவர் பேரும் கல்லுல வரணும்." அந்தப் பெயரைச் சொன்னார். அந்த இடத்தில் அது சத்தமாகச் சொல்லப்பட்டு நூறு ஆண்டாவது ஆகியிருக்கும்.

"மூத்த வழின்னு கேட்டிருந்தீங்களே?"

"அதை வாபஸ் வாங்கிக்கறேன்."

அதிகாரி போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?" போஸ்ட்மாஸ்டர் தலையசைத்தார். அதிகாரி படிவத்தில் எழுதத் தொடங்கிப் பேனாவை நிறுத்தினார். "திறந்து வைக்கறவங்க ரெண்டு பேர்னு போடறேன். ஆனா உறவுமுறைன்னு ஒரு இடம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் இப்போ என்ன உறவு?"

போஸ்ட்மாஸ்டர் கயிறு அறுத்துச் சிவந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியவர் தான் அல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பங்காளி" என்றார் பம்புக்காரர்.

"இந்தப் பேப்பர் படி அப்படி வரலையே."

"நாப்பது வருஷமா பங்காளிச் சண்டை போட்டிருக்கேன் சார். பங்காளி இல்லாம அதை யார் கூடப் போட முடியும்?"

அது மனைவியின் சரக்கு என்பதை அவர் சொல்லவில்லை.

கல் நட்டு ஓராண்டு ஆகிறது. திறப்பு நாளில் இருவரும் சேர்ந்து துணியை இழுத்தார்கள். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே நின்றவர் பெயர் மேலே, கிணற்றுக்குள் இருந்தவர் பெயர் கீழே. பம்புக்காரர் திருந்திவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போஸ்ட்மாஸ்டர் வீட்டு மோட்டாரை இப்போதும் கடைசி வேலையாகத்தான் பார்க்கிறார். திறப்பு நாள் மாலை வீட்டுக்கு வந்து முதலில் சொன்னதும் இதுதான்:

"கல்லுலயும் அவங்க ஆள்தான் மேல."

மனைவி பிக்காசைத் துடைத்து, கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும். மேல இருக்கிறவர் மேலதான் காக்கா எச்சம் போடும்."

 அன்றிலிருந்து பம்புக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைத்து, கல்லின் முதல் வரியைப் பார்த்துவிட்டுப் போகிறார். பெரும்பாலும் மனைவி சொன்னது சரியாகவே இருக்கிறது.